பழைய காரை டிசம்பருக்குள் தானம் கொடுத்தால் வரி நிஜமாகவே எவ்வளவு குறையும்?

ராரிட்டன் கரை (நியூஜெர்சி)
டிசம்பர் 6, 2025

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வாசலில் ஒரு 2008 கேம்ரி நிற்கிறது. 1,96,000 மைல் ஓடிய வண்டி. ஏசி கம்ப்ரசர் இந்தக் கோடையில் போய்விட்டது. செக் எஞ்சின் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. மற்றபடி சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். போன மாதம் புது வண்டி எடுத்துவிட்டோம். டிரைவ்வேயில் இரண்டு காருக்குத்தான் இடம், பனி விழத் தொடங்கினால் தெருவில் நிறுத்தவும் முடியாது.

ரேடியோவைத் திறந்தால் இதே விளம்பரம்தான். காரைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுங்கள், இலவசமாக வந்து எடுத்துப்போகிறோம், வரியில் முழுப் பலன், டிசம்பர் 31 கடைசி நாள். பழைய கார் விலை சொல்லும் கெல்லி புளூ புக்கில் பார்த்தேன், தனியாருக்கு விற்றால் 2,800 டாலர் என்கிறது. நாங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருக்கிறோம். அப்படியானால் 616 டாலர் வரி மிச்சம், ஒரு நல்ல காரியமும் ஆச்சு என்று நினைக்கிறேன்.

மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்தது இந்த வண்டியில்தான். அதனால் வீட்டில், "யாராவது தேவைப்படுகிறவர்கள் கைக்குப் போகட்டும்" என்கிறார்கள். எனக்கும் அதே ஆசைதான். கொடுத்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், என் கணக்கு சரிதானா?


வரிப்படிவம் (கலிஃபோர்னியா)
டிசம்பர் 6, 2025

தம்பி, நல்ல மனசோடு கேட்கிறீர்கள். ஆனால் கணக்கு இரண்டு இடத்தில் தப்பு. பல வருடமாக மற்றவர்களுக்கு வரி தாக்கல் செய்து தருவதுதான் என் தொழில். டிசம்பர் வந்தால் வாரத்துக்கு நாலு பேராவது இதே 'புளூ புக்' கணக்கோடு வருகிறார்கள்.

முதல் தப்பு, விலை. நீங்கள் கொடுக்கும் காரை அந்த நிறுவனம் பெரும்பாலும் நேராக ஏலத்துக்குத்தான் அனுப்பும். ஏலத்தில் என்ன விலைக்குப் போனதோ அதுதான் உங்கள் கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கிற தொகை. 2004-ல் வந்த சட்டம் இது, 2005 முதல் கொடுக்கப்பட்ட எல்லா வண்டிக்கும் பொருந்தும். விற்ற 30 நாளுக்குள் 1098-சி என்ற படிவத்தை உங்களுக்கு அனுப்புவார்கள். அதில் 4சி என்ற கட்டத்தில் இருக்கும் தொகைதான் கணக்கு. அதே படிவத்தின் ஒரு பிரதி ஐஆர்எஸ் என்கிற அமெரிக்க வருமான வரித் துறைக்கும் போகிறது, அதனால் அங்கே 900 என்று இருந்தால் நீங்கள் 2,800 என்று எழுத வழியே இல்லை. ஏசி இல்லாத, விளக்கு எரிகிற 2008 வண்டி ஏலத்தில் 2,800-க்குப் போகாது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. நீங்கள் ஐட்டமைஸ் செய்கிறீர்களா, அதாவது கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுகிறீர்களா? ஷெட்யூல் ஏ என்ற அந்தப் பட்டியலைப் போடாமல், அரசு நிர்ணயித்த ஒரே தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுத்தால் காருக்கு ஒரு சல்லிக்காசு கழிவு கிடையாது. இந்த 2025-க்குத் தம்பதியாகத் தாக்கல் செய்தால் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 31,500 டாலர். வீட்டு வரி, மாநில வரி, வீட்டுக் கடன் வட்டி, ஏற்கெனவே கொடுத்த நன்கொடை நாலையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.


ராரிட்டன் கரை (நியூஜெர்சி)
டிசம்பர் 6, 2025

நன்றி அக்கா. வீட்டு வரி 12,900. மாநில வருமான வரி 7,300 வரும். கடன் வட்டி 9,500. கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் சேர்த்து 1,500 கொடுத்திருக்கிறோம். போன வருடம் ஸ்டாண்டர்டுதான் எடுத்தோம்.


வரிப்படிவம் (கலிஃபோர்னியா)
டிசம்பர் 7, 2025

போன வருடம் வீட்டு வரியும் மாநில வரியும் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் கழிக்க விடவில்லை. இந்த வருடம் அந்த உச்சவரம்பு 40,000 ஆகிவிட்டது. அதனால் உங்கள் 20,200 முழுசும் வரும். வட்டியைச் சேர்த்தால் 29,700. நன்கொடை 1,500 சேர்த்தால் 31,200. ஸ்டாண்டர்டை எட்ட இன்னும் 300 டாலர் குறைகிறது.

கார் ஏலத்தில் 900-க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். முதல் 300 அந்தப் பள்ளத்தை நிரப்பவே போய்விடும். மீதி 600-க்கு 22 சதவீதம், 132 டாலர். நீங்கள் போட்ட 616 எங்கே, இது எங்கே.

இப்போது இன்னொரு வழியைப் பாருங்கள். நீங்களே காரை விற்கிறீர்கள். சொந்த உபயோகக் காரை வாங்கிய விலைக்குக் கீழே விற்றால் வரி எதுவும் இல்லை. 2,400 கிடைத்தால் அதை அப்படியே டிசம்பர் 31-க்குள் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் காசோலையாக அனுப்புங்கள். 31,200-ம் 2,400-ம் சேர்த்தால் 33,600. ஸ்டாண்டர்டை விட 2,100 அதிகம், அதற்கு 462 டாலர் வரி மிச்சம். அந்த நிறுவனத்துக்கும் நீங்கள் கொடுத்த 2,400 அப்படியே போய்ச் சேரும். கார் வழியாகப் போனால் இழுத்துப்போன செலவு, ஏலக் கட்டணம், இடையில் இருக்கும் கம்பெனியின் பங்கு எல்லாம் போன பிறகுதான் அவர்கள் கைக்கு வரும். உங்கள் கழிவு மொத்த விற்பனைத் தொகைக்கு, அவர்கள் கையில் கிடைப்பது மிச்சம். இந்த வித்தியாசத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

ஓடுகிற வண்டியாக இருந்தால் விற்றுப் பணமாகக் கொடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.


பால்டிமோர் பக்கம் (மேரிலாந்து)
டிசம்பர் 7, 2025

அந்த அம்மா சொன்ன 2004 சட்டம் ஏன் வந்தது என்பதை நான் கூடவே இருந்து பார்த்தவன். அதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் புளூ புக் விலையைத்தான் எழுதினோம். 1999-ல் நான் ஒரு 1986 மாடல் வண்டியைக் கொடுத்துவிட்டு 1,900 டாலர் கழித்தேன். கதவு ஒன்று திறக்காது, கியர் மாற்றினால் வண்டியே குலுங்கும். யாரும் கேட்கவில்லை. அது சரியில்லை என்று அப்போதே எனக்குள் இருந்தது, ஆனாலும் எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

2003 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தானம் கொடுக்கப்பட்ட 54 வண்டிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில், கொடுத்தவர் வரியில் எழுதிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் தொண்டு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. அதில் ஒரு 1983 டிரக்கின் கணக்கு எனக்கு மனப்பாடம். கொடுத்தவர் எழுதியது 2,400 டாலர். ஏலத்தில் போனது 375-க்கு. செலவெல்லாம் போய்த் தொண்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது 31 டாலர் 50 சென்ட். இதைப் படித்த பிறகுதான் என் 1,900 என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

ஆனால் தம்பி, "தேவைப்படுகிறவர்கள் கைக்குப் போகட்டும்" என்று உங்கள் வீட்டில் சொன்னார்களே, அதற்கு ஒரு வழி உண்டு. ஏலத்துக்கு அனுப்பாமல், வண்டியைப் பழுதுபார்த்து ஏழைக் குடும்பத்துக்கு இலவசமாகவோ சந்தை விலையைவிட மிகக் குறைத்தோ கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் 'வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்' 1999 முதல் இதைச் செய்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு மெக்கானிக் வேலையும் அங்கே கற்றுத் தருகிறார்கள். அப்படிக் குடும்பத்துக்குப் போகிற வண்டிக்குச் சந்தை மதிப்பு முழுவதையும் கழிக்கச் சட்டம் விடுகிறது. கார் இல்லாமல் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிற ஒருத்தருக்கு உங்கள் கேம்ரி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.


வரிப்படிவம் (கலிஃபோர்னியா)
டிசம்பர் 7, 2025

ஐயா சொன்னது ரொம்பச் சரி. ஒரு வார்த்தை மட்டும் சேர்க்கிறேன். அப்படிப்பட்ட அமைப்புக்கும் எல்லா வண்டியும் குடும்பத்துக்குப் போகும் தரத்தில் வராது, மீதியை அவர்களும் ஏலத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் கொடுக்கும் முன்பே, "என் வண்டி குடும்பத்துக்குப் போகுமா, ஏலத்துக்குப் போகுமா?" என்று கேளுங்கள். குடும்பத்துக்குப் போனால் 1098-சியில் 5பி கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். அது இல்லாமல் சந்தை மதிப்பை எழுதக் கூடாது. சந்தை மதிப்பு என்றால் தனியார் விற்பனை விலை, டீலர் போடும் விலை இல்லை. 5,000 டாலருக்கு மேல் போனால் மதிப்பீட்டாளர் சான்றும் வேண்டும்.


ஸ்பேனர் (மிச்சிகன்)
டிசம்பர் 8, 2025

செக் எஞ்சின் விளக்கு என்றதும் எல்லோரும் பயந்து வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள். பத்து வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் சொல்கிறேன், உதிரிபாகக் கடைகள் பலவற்றில் இலவசமாகவே அந்த விளக்குக்கான பிழைக் குறியீட்டை (கோடு) படித்துச் சொல்வார்கள். முதலில் போய்ப் பாருங்கள். பாதி நேரம் பெட்ரோல் டேங்க் மூடி சரியாக மூடாததும், ஒரு சென்சாரும்தான். 40 டாலரில் முடிகிற காரியம், விற்கும்போது 500 டாலர் வித்தியாசம் காட்டும்.

அப்புறம், வாங்க வருகிறவரிடம் ஏசி போனதை மறைக்காதீர்கள். நேராகச் சொன்னால் மற்றதையும் நம்புவார்.


டாலஸ் வெயில் (டெக்சஸ்)
டிசம்பர் 8, 2025

வரியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பர் 28-ம் தேதி. ஒரு நிறுவனத்துக்கு எங்கள் பழைய மினிவேனைக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். டோ டிரக் வந்தபோது நல்ல மழை. டிரைவருக்கு அடுத்த இடத்துக்குப் போகிற அவசரம். டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தை வண்டியின் பானெட் மேல் வைத்து, என் குடையைப் பிடித்துக்கொண்டே, "இங்கே கையெழுத்து மட்டும் போடுங்கள் சார், மீதியை ஆபீசில் நிரப்பிக்கொள்வார்கள்" என்றார். வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. போட்டுவிட்டேன். பின் கண்ணாடியில் பையன் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கரோடும் என் பெயரில் இருந்த நம்பர் பிளேட்டோடும் வண்டி போய்விட்டது.

ஏப்ரலில் டோல் பில் வரத் தொடங்கியது. முதலில் 11 டாலர், அப்புறம் 46, அப்புறம் அபராதத்தோடு 180. படத்தில் எங்கள் வேன், அந்த டைனோசர்கூட அப்படியே தெரிகிறது. ஜூனில் ஒரு நகராட்சியிலிருந்து கடிதம், உங்கள் வண்டி சாலையோரம் கேட்பாரற்று நிற்கிறது, அகற்றாவிட்டால் செலவு உங்களுடையது என்று. ஏலத்தில் எடுத்தவர் பெயர் மாற்றவே இல்லை, மாநில அரசின் பதிவில் இன்னும் நான்தான் சொந்தக்காரன். டோ டிரக்காரர் கொடுத்த மஞ்சள் ரசீது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை வைத்து மூன்று மாதம் அலைந்தேன். ராத்திரியில், அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால் என்று நினைத்தால் தூக்கம் வராது.

ஆகவே ஐயா, அம்மா, யாராக இருந்தாலும் டைட்டிலில் வாங்கும் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். டைட்டிலைப் போட்டோ எடுங்கள். டிரக்கில் ஏற்றிய வண்டியையும் தேதி தெரிய எடுங்கள். அன்றைக்கே உங்கள் மாநிலத்துக்கு வண்டி கைமாறியது என்று அறிவித்துவிடுங்கள். டெக்சஸில் அதை ஆன்லைனிலேயே செய்யலாம், 30 நாளுக்குள் செய்ய வேண்டும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.


வரிப்படிவம் (கலிஃபோர்னியா)
டிசம்பர் 8, 2025

டாலஸ் சகோதரர் பட்ட பாட்டை வாசித்து மனசு கஷ்டமாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இந்த அறிவிப்புக்கு ஐந்தே நாள்தான் கெடு, என்ஆர்எல் என்று சொல்வார்கள். இங்கே பிளேட் வண்டியோடு போகும், நியூஜெர்சியில் கழற்றி எம்விசி என்கிற வாகனப் பதிவு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பிளேட்டை ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகுதான் இன்ஷூரன்ஸை நிறுத்த வேண்டும் தம்பி, முந்திவிடாதீர்கள்.


ஹூஸ்டன் தோசை (டெக்சஸ்)
டிசம்பர் 9, 2025

ஓடாத வண்டியாக இருந்தால்? என்னுடையது எஞ்சின் போய் ஒன்றரை வருடமாக நிற்கிறது. பழைய இரும்புக்கு எடுப்பவர் 350 தருகிறேன் என்கிறார். வரி ஐட்டமைஸ்தான் செய்கிறேன், 24 சதவீத அடுக்கு.


வரிப்படிவம் (கலிஃபோர்னியா)
டிசம்பர் 9, 2025

இதற்கு ஒரு தனி விதி. 500 டாலரோ அதற்குக் குறைவாகவோ விற்றால், வண்டியின் சந்தை மதிப்பு அல்லது 500, இரண்டில் எது குறைவோ அதைக் கழிக்கலாம். அதாவது 300-க்குப் போனாலும், இருக்கும் நிலையில் 500 மதிப்பு உண்டு என்று காட்ட முடிந்தால் 500. உங்களுக்கு 120 டாலர் வரி குறையும். இரும்புக் கடையில் 350 கைக்கு வரும். பணக் கணக்கில் இரும்புக் கடைதான். ஆனால் அலைச்சல் வேண்டாம், ஏதோ கொஞ்சம் நல்ல காரியத்துக்குப் போகட்டும் என்று நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஓடாத வண்டியைத் தானமாகக் கொடுப்பதை நான் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை.


கொலம்பஸ் குளிர் (ஓஹாயோ)
டிசம்பர் 10, 2025

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். நான் எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவன். டிசம்பரில் படிப்பு முடிகிறது, ஜனவரி 14 ஊருக்குத் திரும்புகிறேன். 2010 சிவிக் ஒன்று இருக்கிறது. ஊரில் நான் படித்த பள்ளியை நடத்தும் டிரஸ்டுக்கு இந்தக் காரை விற்ற பணத்தைக் கொடுத்தால் இங்கே வரியில் கழிக்க முடியுமா? இல்லை, இங்கேயே யாருக்காவது காரைத் தானம் கொடுப்பதா?


வரிப்படிவம் (கலிஃபோர்னியா)
டிசம்பர் 10, 2025

தம்பி, இந்தியாவில் இருக்கும் டிரஸ்டுக்குக் கொடுப்பதை அமெரிக்க வரியில் கழிக்க முடியாது. இங்கே 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தொண்டு அந்தஸ்து பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், ஐஆர்எஸ் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அதோடு நீங்கள் வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் படிவம் போடுபவர். மற்ற நாட்டு மாணவர்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனே கிடையாது, இந்திய மாணவர்களுக்கு மட்டும் இரு நாட்டு ஒப்பந்தத்தின் 21-வது பிரிவில் உண்டு. இந்த வருடம் அது 15,750. உங்கள் சம்பளத்துக்கு அதை விட்டு ஐட்டமைஸ் செய்ய எந்தக் காரணமும் இல்லை. காரைக் கொடுத்தால் வரியில் ஒன்றும் வராது.

பள்ளிக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். காரை விற்றுக் கொடுங்கள். கழிவு இல்லாவிட்டால் என்ன.


ஸ்பேனர் (மிச்சிகன்)
டிசம்பர் 10, 2025

ஜனவரியில் புதிதாக வரும் பசங்க வண்டி தேடுவார்கள். உங்கள் கல்லூரித் தமிழ் மாணவர் குழுவில் இன்றைக்கே போடுங்கள். ஓஹாயோவில் டைட்டில் கையெழுத்தை நோட்டரி முன்னால்தான் போட வேண்டும், விமானம் ஏறுகிற வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.


கோயில் தொண்டன் (வட கரோலினா)
டிசம்பர் 12, 2025

எங்கள் கோயிலுக்கு ஒரு பக்தர் காரைக் கொடுக்க வருகிறார். குருக்களுக்கு வண்டி இல்லை, அவர் வீடுகளுக்குப் பூஜைக்குப் போக வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி நினைக்கிறது. அவருக்கு எப்படிக் கடிதம் கொடுப்பது?


வரிப்படிவம் (கலிஃபோர்னியா)
டிசம்பர் 12, 2025

கோயில் 501(சி)(3) என்றால் கொடுக்கலாம். விற்காமல் கோயில் வேலைக்கே கணிசமாக ஓட்டினால் கொடுத்தவர் சந்தை மதிப்பைக் கழிக்கலாம். ஐஆர்எஸ் காட்டும் உதாரணம், ஏழைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒரு வருடம் ஓட்டி 10,000 மைல் போன வண்டி. இரண்டு தடவை பூ வாங்கப் போய்விட்டு மூன்றாம் மாதம் விற்றால் அது செல்லாது. எவ்வளவு காலம், எதற்காக வைத்திருப்போம் என்று கோயில் எழுத்தில் உறுதி தர வேண்டும், வண்டி வந்த 30 நாளுக்குள் 1098-சி கொடுக்க வேண்டும். குருக்கள் தம் சொந்த வேலைக்கும் ஓட்டினால் அது வேறு சிக்கல், உங்கள் கணக்காளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எல்லோருக்கும் ஒரு விஷயம். அடுத்த வருடம் விதி மாறுகிறது. 2026 முதல் ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு, வருமானத்தில் அரை சதவீதம் வரை கொடுக்கும் தானத்துக்குக் கழிவு இல்லை. ஏஜிஐ என்கிற அந்த வருமானம் 1,80,000 என்றால் முதல் 900 டாலர் கணக்கில் வராது. அதனால் ஐட்டமைஸ் செய்பவர்கள் டிசம்பர் 31-க்குள் கொடுப்பது நல்லது. ஸ்டாண்டர்டு எடுப்பவர்களுக்கு நேர்மாறு. 2026 முதல் அவர்களும் தம்பதியாக 2,000 டாலர், தனியாக 1,000 டாலர் வரை கழிக்கலாம், ஆனால் பணமாகக் கொடுத்ததை மட்டும். காருக்கு அது கிடையாது. நீங்கள் ஸ்டாண்டர்டு எடுப்பவர், காரும் ஓடுகிறது என்றால், விற்ற பணத்தை ஜனவரி வரை வைத்திருந்து கொடுங்கள். டிசம்பரில் காரைக் கொடுத்தால் பூஜ்யம், ஜனவரியில் அதே காரின் பணத்தைக் கொடுத்தால் கழிவு.


ராரிட்டன் கரை (நியூஜெர்சி)
ஜனவரி 11, 2026

எல்லோருக்கும் முடிவைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி கோடு படித்துப் பார்த்தேன். ஆக்சிஜன் சென்சார்தான். 70 டாலரில் வாங்கி நானே மாட்டினேன், விளக்கு அணைந்துவிட்டது. முதலில் பால்டிமோர் ஐயா சொன்ன மாதிரி அமைப்பு எங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றைப் பிடித்துக் கேட்டால், இத்தனை மைல் ஓடிய வண்டியை ஏலத்துக்குத்தான் அனுப்புவோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அப்படிச் சொன்னதற்கு அவர்களுக்கு நன்றி.

விற்றோம். வாங்க வந்தவர் முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண். ஏசி இல்லை என்று முதலிலேயே சொன்னேன். "எனக்கு ஹீட்டர் வேலை செய்தால் போதும், ராத்திரி பதினொன்றரைக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை" என்றார். 2,600 கேட்டிருந்தேன், 2,400-க்குக் கொடுத்தோம். அவர் கொண்டுவந்ததெல்லாம் இருபது டாலர் நோட்டுகள், சமையலறை மேசையில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். 29-ம் தேதி அதே 2,400-ஐ எங்கள் ஊர் உணவு வங்கிக்குக் காசோலையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் எழுத்தில் ரசீது வேண்டும் என்று அக்கா வேறு ஒரு இழையில் சொன்னது ஞாபகம் வந்தது, கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

பிளேட்டைக் கழற்றத்தான் கஷ்டப்பட்டேன். பதினேழு வருடத் துரு, பின்பக்க ஸ்க்ரூ ஒன்று அசையவே இல்லை. மகள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் வாங்க வந்த அம்மாவே தன் பையிலிருந்து ஒரு பிளையரை எடுத்துக் கொடுத்தார். அவர் தன் தற்காலிக டேகை ஒட்டிக்கொண்டு ஓட்டிப்போன பிறகு, இரண்டு பிளேட்டையும் எம்விசியில் ஒப்படைத்து ரசீது வாங்கி, அப்புறம்தான் இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தேன்.


கொலம்பஸ் குளிர் (ஓஹாயோ)
ஜனவரி 12, 2026

சிவிக்கும் போய்விட்டது அண்ணா. விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு பையன் வாங்கியிருக்கிறான். இன்று காலை நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டோம். நாளை மறுநாள் என்னை விமான நிலையத்தில் விடப்போவதும் அவன்தான், அதே காரில்.